தெற்குத் துறையிலிருந்து இருநூறு மீட்டர்

ஜூலை 2, புதன்

தன்ஷிகா மாநிலப் போட்டிக்குப் போகவேண்டும். இந்த நோட்டை ஆரம்பிப்பதே அதற்காகத்தான். எதையும் தேதி போட்டு எழுதி வைத்தால்தான் மரியாதை என்று ஒரு பயிற்சியாளர் வீடியோவில் சொன்னார்.

விஷயம் இது. ஆகஸ்ட் 16 மாமல்லபுரத்தில் சர்ஃபிங் போட்டி. பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் எங்கள் செம்மணல்குப்பம் கிளப்புக்கு ஒரே ஒரு இடம். இருப்பதோ இரண்டு பேர். தன்ஷி என் சித்தி பெண், பதினைந்து வயது, எங்கள் தெற்குத் தெரு. சுபிக்ஷா பதினாலு வயது, வடக்குத் தெரு. தன்ஷி அலையில் ஏறி நின்றால் போதும், எனக்கு மூச்சு நின்றுவிடும். அவளுக்கு நான் நடத்தும் ரசிகர் பக்கத்தில் இன்றோடு 412 பேர்!

கிளப்பை நடத்துவது டில்லிபாபு அண்ணன். அவருடைய அம்மா வீடு தெற்குத் தெரு, மாமியார் வீடு வடக்குத் தெரு. போன வருடம் கண்ணால் பார்த்து ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார். மூன்று மாதம் ஒரு வீட்டில் அவருக்குச் சோறு போடவில்லை.

"இந்த வாட்டி எனுக்கு வாணாம்மா. சீட்டு குலுக்கிப் போட்டுடலாம்" என்றார்.

"சீட்டா? அண்ணா, சர்ஃபிங்ல பாதி நேரம் போர்டு மேல குப்புறப் படுத்துக் கையால தண்ணியத் தள்றதுதான். நிக்கறது சும்மா ஒரு பத்து செகண்டு. யாரு வேகமா தள்றாங்கன்னு அளந்துடலாம். நம்பர் பொய் சொல்லாது."

"யாரு அளக்கறது?"

"நான்."

"நீ தன்ஷிக்கு அக்காவாச்சே."

"ஸ்டாப்வாட்சுக்கு அக்கா தங்கச்சி கெடையாதுண்ணா."

யோசித்தார். தலையாட்டினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை நேரம் எடுப்பது, குறைந்த நேரம் யாருக்கோ அவள் பெயர் போகும். இனி எல்லாம் என் கையில்!

ஜூலை 3, வியாழன்

காலேஜ் கவுன்சிலிங் லிஸ்ட் இன்னும் வரவில்லை. அம்மா வீட்டைப் பெருக்கச் சொன்னாள். பெருக்கினேன்.

மீதி நேரம் முழுக்க ஆராய்ச்சி. வளரும் வயதில் கையால் தள்ளும் வேகத்துக்கு மூன்று விஷயம் வேண்டுமாம். கை நீளம், உடம்பு எடைக்கு ஏற்ற இழுவைப் பலம், மூச்சு. அம்மாவின் தையல் டேப்பை எடுத்துப்போய் தன்ஷியை அளந்தேன். உயரம் 158, கையை விரித்தால் 161. உயரத்தைவிடக் கை நீளம்! பிறவி சர்ஃபர்!

சுபியையும் அளக்கலாம் என்று போனேன். ஏலத்தில் அவள் அம்மாவுக்கு மீன் கூடை தூக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகிறவரை தினமும் அதுதான் வேலையாம். ஐஸ் பெட்டியைத் தனியாகவே தள்ளினாள். தொந்தரவு செய்யவேண்டாமென்று வந்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

வலைக்கூடத்து உத்திரத்தில் தொங்கி இழுக்கும் சோதனை. தன்ஷி 3. சுபி 7.

சுபி எடை கம்மி, அதனால்தான். இதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஜூலை 5, சனி

இரண்டு எண்ணெய் கேன்களைக் கயிறு கட்டி, மணல் மூட்டையோடு அலை உடையும் இடத்துக்கு அப்பால் மிதக்கவிட்டாயிற்று. டில்லி அண்ணன் படகில் போய்ப் போட்டார். ஒன்று தெற்குத் துறைக்கு நேராக, ஒன்று வடக்குத் துறைக்கு நேராக. நடுவில் ஜிபிஎஸ்படி சரியாக 200 மீட்டர்.

எங்கள் ஊரில் அவரவர் துறையில்தான் அவரவர் இறங்கவேண்டும். படகானாலும் சரி, போர்டானாலும் சரி. அதனால் தன்ஷி தெற்குக் கேனிலிருந்து வடக்குக் கேனுக்கு. சுபி வடக்கிலிருந்து தெற்குக்கு. தூரம் ஒன்றுதானே.

படகில் வந்து சரிபார்க்கக் கூப்பிட்டார். எனக்கு சைனஸ். கரையிலிருந்தே கட்டைவிரலைக் காட்டினேன்.

ஜூலை 6, ஞாயிறு

முதல் சோதனை. காலை ஆறு மணி.

தன்ஷி: 2 நிமிடம் 51 நொடி.
சுபி: 3 நிமிடம் 39 நொடி.

நாற்பத்தெட்டு நொடி வித்தியாசம்! கத்திய கத்தலில் நாய் எழுந்து ஓடிவிட்டது. சுபி கரைக்கு வந்து போர்டைக் கவிழ்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.  பாவம்தான். ஆனால் நம்பர் நம்பர்தான்.

அப்பா பதினொரு மணிக்குத்தான் கரைக்கு வந்தார். எல்லோரும் பசியோடு காத்திருந்தோம். "தெண்டி வெள்ளம்மா. வடக்கால இஸ்துனு போவுது. வல போட்ட எடம் ஒண்ணு, எடுத்த எடம் ஒண்ணு" என்றார். கானாங்கத்தைக் குழம்பு. மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

பயிற்சித் திட்டம் ரெடி. சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி இழுப்பது 15 தடவை, நான்கு சுற்று. பிளாங்க் ஒரு நிமிடம். வேகவைத்த முட்டை இரண்டு. மைதா கிடையாது.

தன்ஷி கேட்டாள்: "பரோட்டா?"

"மைதா."

"அப்ப நூடுல்ஸ்?"

"அதுவும் மைதா."

"நீ சாப்புடறே?"

"நான் கோச்சுடி."

ஜூலை 10, வியாழன்

மழை. ஒன்றும் நடக்கவில்லை. சித்தப்பா கழற்றி வைத்திருந்த டியூப் அறுந்தது.

ஜூலை 13, ஞாயிறு

இரண்டாவது சோதனை. தன்ஷி 2:47! சுபி 3:43.

ஒரே வாரத்தில் நான்கு நொடி குறைத்திருக்கிறோம்! டியூபும் முட்டையும் வேலை செய்கிறது! உடனே போனில் இருக்கும் கணக்கு ஷீட்டில் ஏற்றி, வரைபடம் போட்டு, ரீல் வெளியிட்டேன். இரவுக்குள் 3,100 பேர் பார்த்துவிட்டார்கள். கீழே ஒருத்தர் "இந்த ட்ரெய்னர் யாரு?" என்று கேட்டிருந்தார். ட்ரெய்னர்!

காலையில் ஒரு சின்ன விஷயம். சுபி என்னிடம் வந்து, "அக்கா, நான் ஒரு வாட்டி உங்க பக்கத்துலேருந்து எறங்கி வரட்டா?" என்றாள்.

"ஏன், உங்க துறைக்கு இன்னா கொறச்சல்?"

"கொறச்சல்லாம் இல்ல. சும்மாதான்."

வலை பின்னிக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர் காதில் அது விழுந்துவிட்டது. "இன்னிக்கு அவுங்க பொண்ணு எறங்கும். நாளிக்கு அவுங்க போட்டு எறங்கும். வேற வேல இல்லியா?" என்றார். சுபி போய்விட்டாள். சோதனை நடுவில் விதியை மாற்றுவது அறிவியல்படி தவறு. அதை நானும் சொல்லியிருப்பேன்.

ஜூலை 16, புதன்

கவுன்சிலிங்கில் பி.எஸ்சி. கணினி கிடைத்தது. அம்மா கோவிலுக்குப் போனாள். நான் தன்ஷியின் தோள் பயிற்சி வீடியோவை எடிட் செய்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

2:44. சுபி 3:40.

முடிந்தது! டில்லி அண்ணன் இரண்டு தெருக்காரர்கள் முன்னாலும் என் போனைத் தூக்கிக் காட்டினார். "பாத்துக்குங்க. மூணு வாரம், மூணு வாட்டி. இதுல நான் யாரும் இல்ல."  சுபியின் அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே, "நம்பரு சொல்லிச்சுன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சித்தி தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். தன்ஷி அரைக் கரண்டிகூடச் சாப்பிடவில்லை. உணவுக் கட்டுப்பாடு அவ்வளவு பழகிவிட்டது. பெருமையாக இருந்தது.

ஜூலை 21, திங்கள்

தன்ஷி பெயரைப் போட்டு விண்ணப்பம் போய்விட்டது. ரசிகர் பக்கம் 640.

ஜூலை 27, ஞாயிறு

சும்மா பயிற்சிக்காகத்தான் தன்ஷிக்கு நேரம் எடுத்தேன்.

4:08.

ஸ்டாப்வாட்ச் கெட்டுவிட்டதென்று நினைத்தேன். ரீசெட் செய்து பார்த்தேன். நன்றாகத்தான் ஓடுகிறது.

காரணம் என்னவாக இருக்கும்? (1) நேற்று கல்யாண வீட்டு பிரியாணி. (2) தூக்கம் ஆறு மணி நேரம்தான். (3) மாதவிடாய் வரும் நாள். (4) போர்டில் மெழுகு கம்மி.

"உனக்கு இன்னாடி ஆச்சு?" என்றேன்.

"உடுக்கா" என்றாள்.

ஜூலை 28, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இன்னொரு முறை. பிரியாணி இல்லை, எட்டு மணி நேரத் தூக்கம், புது மெழுகு.

4:12.

மத்தியானம் அப்பா சாப்பிடும்போது சொன்னார்: "வெள்ளம் திரும்பிடுச்சு. வன்னி. இப்ப தெக்கால இஸ்துனு போவுது. நேத்துலேருந்தே அப்பிடித்தான்."

"நேத்துலேருந்தா?"

"ஆமா. இத்தினி நாளு தெண்டி இருந்திச்சு. ஏன், நீ எப்பலேருந்து கடலப் பத்திக் கேக்க ஆரம்பிச்சே?"

கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது. அம்மா திட்டினாள்.

ஷீட்டைத் திறந்து கணக்குப் போட்டேன். தன்ஷி 20ஆம் தேதி நொடிக்கு 1.22 மீட்டர். இன்று 0.79. வெள்ளம், அதாவது கடல் நீரோட்டம், கூட வந்தால் அது, எதிரே வந்தால் இது. நடுவில் எடுத்தால் அவளுடைய சொந்த வேகம் 1.0. மீதி 0.2 கடலுடையது. சுபி 20ஆம் தேதி 0.91. அவளுக்கு மூன்று வாரமும் எதிர் வெள்ளம். அந்த 0.2-ஐத் திருப்பிக் கொடுத்தால் 1.11.

மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் 1.11.

ஜூலை 29, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 30, புதன்

ஒன்றுமில்லை. காலேஜுக்குப் பை வாங்கினோம்.

ஜூலை 31, வியாழன்

ஒருவேளை வெள்ளம் அவ்வளவு பெரிய விஷயமாக இல்லாமலும் இருக்கலாம். நான் பார்த்த எந்த வீடியோவிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் எல்லோரும் நீச்சல் குளத்தில் அளக்கிறார்கள்.

தன்ஷியின் ஜெர்சிக்கு அளவு கேட்டு டில்லி அண்ணன் மெசேஜ் போட்டார். பதில் போடவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

நிச்சயமாகத் தெரிந்துகொள்ளாமல் யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒரு தேங்காய் மட்டையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அதை வடக்குக் கேன் பக்கத்தில் விட்டு, எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். அதற்கு யாராவது கடலுக்குள் போகவேண்டும். நான் போகமுடியாது. சைனஸ் என்று எழுதி வந்திருக்கிறேன். சைனஸ் எனக்குக் கிடையாது. எனக்கு நீச்சல் தெரியாது. மீனவர் மகள், குப்பத்துப் பெண், முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. இதை 640 பேருக்கும் சொன்னதில்லை.

கரையில் சுபி மட்டும்தான் இருந்தாள். மட்டையை நீட்டினேன்.

"இத அந்த கேன்கிட்ட உட்டுட்டு வர்றியா?"

மட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இப்பதான் தோணுச்சா?" என்றாள்.

கொண்டுபோய் விட்டாள். நான் கரையோரமாக மட்டையோடு கூடவே நடந்தேன். ஒரு நாளும் பயிற்சி செய்யாத, முட்டை சாப்பிடாத, கையே இல்லாத மட்டை, இருநூறு மீட்டரைப் பதினாறு நிமிடம் ஐம்பது நொடியில் முடித்தது.

"தெரிஞ்சே ஏன் சொல்லல நீ?" என்று சுபியைக் கேட்டேன்.

"அந்தப் பக்கத்துலேருந்து வரட்டான்னு கேட்டேனே."

"வெள்ளம் எதுக்க இஸ்க்குதுன்னு சொல்லலியே."

"சொன்னா? தோத்துட்டு சாக்கு சொல்றான்னு அதுக்கும் ஒரு ரீல் போட்ருப்பே."

போட்டிருப்பேன்.

சாயந்திரம் தன்ஷி வீட்டு மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஷீட்டைக் காட்டி ஆரம்பத்திலிருந்து சொன்னேன். முடிக்கும்வரை அவள் மடித்துக்கொண்டே இருந்தாள்.

"எனுக்குத் தெரியும்" என்றாள்.

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்து. தண்ணில இருக்கறது நானா, நீயா? கைய எடுத்தாக்கூட போர்டு போய்க்கினே இருந்துச்சு."

"ஏண்டி சொல்லல?"

"நீ கரையில குதிச்சிக்கினு இருந்தே." ஒரு சட்டையை உதறினாள். "அப்புறம் எனுக்கும் போணும்னு ஆசதான். நான் ஏமாத்தல. நீ தள்ளுன்னே, தள்ளுனேன்."

"டில்லி அண்ணங்கிட்ட சொல்லணும்."

"சொல்லேன். சொல்லிட்டு எங்கம்மாகிட்டயும் நீயே சொல்லு. கேசரிய யாரு போய் திருப்பி வாங்கினு வர்றது?"

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டில்லி அண்ணன் படகு எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். துணியைக் கீழே போட்டார்.

"நம்பரு பொய் சொல்லாதுன்னே?"

"நம்பர் சொல்லலண்ணா. நான்தான்..."

"ரெண்டு தெருவும் பாக்க ஒம் போனத் தூக்கிக் காட்டினேன்டீ நான்!" கடலைப் பார்த்தார். "நானும் கடல்காரன்தான். ஒரு வாட்டி திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஞாயித்துக்கெழமன்னா கிளாசு, டூரிஸ்டு, அதுலயே போயிடுது." அப்புறம், "பேரு போயிடுச்சு. புதன்கெழமக்குள்ள மாத்தலாம். ஆனா அந்தப் பொண்ணே வெலகறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் மாத்துவாங்க. நான் கேக்க மாட்டேன். நீயும் கேக்கக் கூடாது" என்றார்.

கேட்கவேண்டி வரவே இல்லை. தன்ஷி போர்டோடு வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "அந்த சுபியக் கூப்புடுங்கண்ணா. ஒண்ணா உடுங்க. இவ ஷீட்ட வெச்சில்லாம் நான் எதுவும் எழுதித் தர மாட்டேன்."

யார் துறையிலும் இறங்கவேண்டாம் என்று இரண்டு பேரையும் படகில் ஏற்றி வடக்குக் கேனுக்குக் கொண்டுபோனார் அண்ணன். தெற்குக் கேனைச் சுற்றிவிட்டு மறுபடி வடக்கே. போகும்போது வெள்ளம் கூட, வரும்போது எதிரே, இரண்டு பேருக்கும். கரையில் இரண்டு தெருவும் கூடிவிட்டது. நான் கத்தவில்லை, ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

போகும்போது சுபி 2:36, தன்ஷி 2:49. பதின்மூன்று நொடி பெரிதாகத் தெரியவில்லை. திரும்பும்போதுதான் தெரிந்தது. எதிர் வெள்ளத்தில் தன்ஷி நிறுத்தவே இல்லை. தலையைக் கீழே போட்டுத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அப்படியும் இருவருக்கும் நடுவில் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. மொத்தம் சுபி 6:22. தன்ஷி 7:04.

கேனைத் தொட்டபிறகு சுபி படகில் ஏறவில்லை. தன்ஷி வந்துசேரும்வரை தண்ணீரிலேயே போர்டின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

தன்ஷி படகில் வைத்தே எழுதிக் கொடுத்தாள். கரைக்கு வந்ததும் என்னைத் தாண்டிப் போனாள். போர்டின் நுனி என் தோளில் இடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். தேங்காய் மட்டையையும், நீச்சல் தெரியாததையும் சேர்த்து. "நீயெல்லாம் ட்ரெய்னரா?" என்று 41 பேர். 640 இப்போது 498.

சித்தி பேசவில்லை. அம்மா, "வாய வெச்சிக்கினு சும்மா இருந்தா இன்னா?" என்றாள். எந்த வாயைச் சொன்னாள், ஜூலை மாத வாயா, ஆகஸ்ட் மாத வாயா என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சுபி பெயர் உறுதியாகிவிட்டது. ஜெர்சி அவளுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. ஊக்குப் போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலேஜ் முதல் நாள். கேன்டீனில் பரோட்டா சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

சுபியின் அம்மாவுக்கு ஏலம். டில்லி அண்ணன் விடியற்காலையே பையன்களோடும் போர்டுகளோடும் வண்டியில் போய்விட்டார். சுபியோடு பஸ்ஸில் நான் போனேன். நிறுத்தத்தில் தன்ஷி நின்றுகொண்டிருந்தாள். சுபியிடம், "ஒம் மெழுக மறந்துட்டுப் போயிட்டாங்க" என்று ஒரு டப்பாவை நீட்டினாள். பஸ்ஸில் அவளும் ஏறினாள். என்னைப் பார்க்கவில்லை. பதின்மூன்று நாளாயிற்று.

சுபியின் சுற்றில் நான்கு பேர். இரண்டு பேர்தான் அடுத்த சுற்றுக்கு. எடுத்ததில் சிறந்த இரண்டு அலைக்குத்தான் மார்க். சுபி எல்லோருக்கும் முன்னால் அலை உடையும் இடத்துக்கு அப்பால் போய்ச் சேர்ந்தாள், ஒவ்வொரு தடவையும். இருபது நிமிடத்தில் மற்றவர்கள் நான்கு, ஐந்து அலை எடுத்தபோது அவள் ஒன்பது எடுத்தாள். ஏறி நின்றதும் நான்கில் விழுந்தாள். பெரிதாக வந்த ஒன்றை வேண்டாமென்று விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள், அது பாதியிலேயே சப்பென்று போய்விட்டது. மூன்றாம் இடம். வெளியே.

துண்டைப் போர்த்திக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். தன்ஷி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் இரண்டடி தள்ளி.

"அந்தப் பெரிசு வந்துச்சே, அத ஏண்டி உட்டே? நானா இருந்தா உட்டிருக்கவே மாட்டேன்" என்றாள் தன்ஷி.

"நீயா இருந்தா அது வர்றப்ப கரையிலேருந்து பாதி தூரத்துல தள்ளிக்கினு இருந்திருப்பே."

"ஒம்போது எடுத்து இன்னா புண்ணியம்? எனுக்கு ரெண்டு போதும்."

"அந்த ரெண்டுக்கு எவ வந்து ஒன்ன இஸ்துனு போறது?"

தன்ஷிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சுபி மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு தன்ஷி சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா பாத்துக்கினே கீற? நீதான் எல்லாத்தயும் அளக்கறவளாச்சே. சொல்லு. நான் போயிருந்தா தாண்டியிருப்பனா, மாட்டனா?"

ஷீட் போனில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

"தெர்லடி" என்றேன். "எனுக்கு நெஜமாவே தெர்ல."

தன்ஷி மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். சுபிக்கு இடம் கிடைத்தது, தூங்கிவிட்டாள். தன்ஷி முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் பின்னால். கண்டக்டர் அவளிடம் வந்தார். பெண்களுக்கு இலவசம்தான், இருந்தாலும் டிக்கெட் கிழிக்கவேண்டும்.

"எத்தனம்மா?"

"மூணு" என்றாள்.